இடது கைப்பிடி

பல் டாக்டர் உமாபதி தன் புது சைக்கிளை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினார், தூக்கட்டும், சைக்கிள் தூக்குவதற்கா இருக்கிறது, ஏறி மிதிப்பதற்கல்லவா என்று சவரிமுத்துவுக்கு நாக்கு நுனி வரை வந்தது, வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார், தன் முறை வரும்போது இதைவிட நல்லதாக ஒன்று சொல்லிக்கொள்ளலாம். முக்கொம்பு அணைக்கு வெளியே இருக்கிற டீக்கடைச் சுவரில் ஒரு டஜன் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் திருச்சியிலிருந்து காவிரிக்கரையோடு மிதித்து வந்து, இந்தச் சுவரடியில் டீ குடித்துவிட்டு, வண்டியில் புதிதாக எதையாவது மாட்டியவர்களும் மாற்றியவர்களும் ஒவ்வொருவராக எழுந்து அதைப் பற்றிப் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், கிண்டல் பண்ணலாம், சந்தேகம் கேட்கலாம், விலை மட்டும் கேட்கக் கூடாது. எல்லாம் சவரிமுத்து போட்ட சட்டம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் குழு ஆரம்பித்தால் சட்டம் இல்லாமல் எப்படி. கடைசி முறை எப்போதும் அவருடையது, அதுவும் சட்டம். உமாபதி இப்போது கியர் மாற்றிக் காட்டினார், ஒயரே கிடையாது சார், பேட்டரிதான், பட்டனைத் தொட்டாப் போதும், என்றார், தொட்டார், செயின் ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குப் பூனை மாதிரி தாவியது, சுற்றி நின்றவர்கள் ஆ என்றார்கள். நல்ல வண்டிதான். அதை ஒப்புக்கொள்வதில் சவரிமுத்துவுக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை, நல்லதை நல்லது என்று சொல்ல முடியாதவனுக்கு இரும்பும் பிடிபடாது, கார்பனும் பிடிபடாது, ஆனால் ஒயரே இல்லாத வண்டியில் கை எதை இழுக்கிறது, இழுக்கிறோம் என்று கைக்கு எப்படித் தெரியும், கைக்குத் தெரிய வேண்டாமா, கை. வலது கையில் டீ கிளாஸ் இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால், சைக்கிள் சட்டையின் பின்பையில், அங்கே ஒரு வாழைப்பழமும் கைக்குட்டையும் இருந்தன, அவற்றோடு ஒரு உயிருள்ள பொருள் மாதிரி அது கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. துடிக்கட்டும். பையை யார் பார்க்கப்போகிறார்கள்.

கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உருளும், திரும்பி வரும், மறுபடி உருளும், ஜெபமாலை உருட்டுவது போலவே இருக்கும். முதலில் அதைப் பார்த்தவள் பிலோமினாதான். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலிக் கையில் அவர் இடது கை இருந்தது, அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, என்னங்க, மனசுக்குள்ள செபம் சொல்றீங்களா, என்றாள், குரலில் அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிற புருஷன் கடைசியில் மாதாவிடம் வந்து சேர்ந்துவிட்டான் என்று. ஆமா என்று சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, தவிர அவருக்கே அப்போதுதான் தெரிந்தது, கை தன்னைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது என்று, குனிந்து பார்த்தார், நிறுத்து என்று மனசுக்குள் சொன்னார், அது நிற்கவில்லை. அப்புறம் டாக்டர், அப்புறம் நரம்புக்குப் பார்க்கிற பெரிய டாக்டர். பெரிய டாக்டர் அவரைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், வலது கை டக் டக் என்று தட்டியது, இடது கை நான்கு தட்டுக்குள் சோம்பேறியாகி அரைகுறையாகத் திறந்து மூடியது. நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். நடுக்குவாதம்தான், ஆரம்ப நிலை, மாத்திரை இருக்கு, உடற்பயிற்சிதான் பாதி மருந்து, என்ன பண்றீங்க என்று கேட்டார். சைக்கிள் ஓட்டறேன் என்றார் சவரிமுத்து. அந்த டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார், ரொம்ப நல்லது, விடாதீங்க, இந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் வரும், வேலை கொடுத்தா அடங்கும், நீங்களே பாத்திருப்பீங்களே. பார்த்திருந்தார். கைப்பிடியைப் பிடித்து மிதிக்க ஆரம்பித்தால் கை கல் மாதிரி நிற்கும். நின்றால் ஆடுகிறது, ஓடினால் நிற்கிறது, இப்படி ஒரு எஞ்சினை அவர் எந்த ஷெட்டிலும் பார்த்ததில்லை. அதனால் இந்தக் கடையில் இந்த டீக்கு நடுவில்தான் ஆபத்து, சாலையில் இல்லை, சாலையில் இல்லை என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது, குடமுருட்டிப் பாலம் இருக்கிறது, வேண்டாம், அது இப்போது வேண்டாம்.

உமாபதி உட்கார்ந்தார். பாஷ்யம் எழுந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், பேங்க்கில் இருந்தவர், சவரிமுத்துவுக்கு ரொம்ப வருஷ சிநேகிதர், மடித்துக் கட்டிய வேட்டியோடு சைக்கிள் ஓட்டுகிற ஒரே உறுப்பினர். அவர் வண்டியும் அவரைப் போலத்தான், உயரம், கருப்பு, நிமிர்ந்த முதுகு, கனம். "கார்பனாம் கார்பன்," என்று ஆரம்பித்தார் பாஷ்யம். "பென்சிலுக்குள்ள இருக்கறதும் கார்பன்தான் டாக்டர், கீழ போட்டா ஒடஞ்சுடும். இது இரும்பு. இதுக்குப் பூட்டு தேவையில்லை, எவனாலயும் தூக்கிண்டு ஓட முடியாது." எல்லோரும் சிரித்தார்கள், சவரிமுத்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், சிரிப்பில் உடம்பு குலுங்கினால் கை குலுங்குவது தெரியாது. பாஷ்யம் புதிதாக டைனமோ மாட்டியிருந்தார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார், டைனமோ டயரில் உரசி உறுமியது, பகல் வெளிச்சத்தில் விளக்கு மஞ்சளாக, கொஞ்சம் வெட்கத்தோடு எரிந்தது. நல்ல டைனமோ, ஆனால் கோணம் சரியில்லை, கால் அங்குலம் திரும்பியிருக்கிறது, டயரைத் தின்றுவிடும், சொல்லலாம், எழுந்து போய்த் தானே திருப்பிக் கொடுக்கலாம், அதற்கு இரண்டு கை வேண்டும், ஒரு கை பிடிக்க, ஒரு கை திருக. அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம். சக்கரம் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. நிற்கும் சக்கரத்தைப் பார்த்தாலே அந்தப் பாலம் வந்துவிடுகிறது, வராதே என்றால் கேட்கிறதா, ஆடியில், தனியாக, குடமுருட்டிப் பாலத்து இறக்கத்தில் நல்ல வேகம், முகத்தில் காற்று, நான் இன்னும் நான்தான் என்று உடம்பு முழுக்க ஒரு கர்வம், அப்போது கைப்பிடிச் சுவர் ஓரத்திலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி குதித்து நடுச்சாலையில் நின்றது. இரண்டு கையும் பிரேக்கை இறுக்க வேண்டும். வலது கை இறுக்கியது. இடது கை, இறுக்கு என்றதும் யோசித்தது, விரல்கள் லிவர் மேல் இருந்தன, ஆனால் மடங்கவில்லை, கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வர்றேன் வர்றேன் என்று குரல் மட்டும் வருமே, அப்படி. முன் பிரேக் மட்டும் பிடித்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, சீட் முதுகைத் தட்டியது, தார்ச்சாலை முகத்துக்கு நேரே வந்தது, வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஆட்டுக்குட்டி பே என்றது. விழவில்லை. யாரும் பார்க்கவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கீழே ஓடுகிற தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார், கை தன் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுதான் போனார். ஆனால் மறுநாள் காலை வண்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பயந்தவன் வண்டியை விற்பான், இல்லை பரணில் போடுவான், சவரிமுத்து ஸ்பேனரை எடுத்தார். இடது கை பிரேக் பிடிக்காது என்றால் இடது கையிடம் எதற்குப் பிரேக்கைக் கொடுப்பது. எஞ்சின் டிரைவர் என்ன சக்கரத்துக்கு ஒரு கையா வைத்திருக்கிறான், ஒரே பிடிதான், அது பின்னால் இருக்கிற அத்தனை பெட்டியையும் நிறுத்துகிறது. வலது லிவர் ஒன்றே போதும், அதிலிருந்து இரண்டு ஒயர், ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. நடுவில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, தராசுக் கோல் மாதிரி, இழுப்பை இரண்டு ஒயருக்கும் பிரித்துக் கொடுக்க. அந்தத் துண்டைத் துணி துவைக்கிற கல்லில் இறுக்கிப் பிடிக்க வைஸ் மாட்டி அரத்தால் அவரே ராவினார், முதல் துண்டு கோணல், இரண்டாவது ஒயர் வழுக்கியது, மூன்றாவது, அது ஒரு நகை. கடையில் கிடைக்காத நகை. பின் பிரேக் அரை மூச்சு முன்னால் பிடிக்கும், அப்புறம் முன் பிரேக், வண்டி தலைகீழாகாது, பன்றி குறுக்கே வந்தாலும் பஸ் குறுக்கே வந்தாலும் அப்படியே சமமாக உட்கார்ந்து நிற்கும். பிறகு கியரையும் வலப்பக்கம் கொண்டுவந்தார். மணியையும் மாற்றினார், ஏனென்றால் சிக்னலில் நிற்கும்போது இடது கட்டைவிரல் மணியைக் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டிருந்தது, முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார். இப்போது இடது கைப்பிடி வெறும் மொட்டை, ரப்பர் உறை மட்டும், பிடித்துக்கொள், உன் வேலை அவ்வளவுதான். வாழ்க்கையில் அவர் செய்த வேலைகளிலேயே இதுதான் ஆகச் சிறந்தது, சுவரில் அதோ நிற்கிறது, டாக்டரின் பேட்டரிக்கும் பாஷ்யத்தின் டைனமோவுக்கும் இதன் பக்கத்தில் நிற்க அருகதை இல்லை, அதை எழுந்து சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் சார் ஒரு பக்கம் மொட்டை. அந்த ஏனுக்குப் பதில் முதுகுப் பையில் வாழைப்பழத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது சமீமா பேசிக்கொண்டிருந்தாள், காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவள், அவளுடையது மடக்கு சைக்கிள். பேசிக்கொண்டே இங்கே ஒரு கொக்கி அங்கே ஒரு கொக்கி தட்டினாள், சைக்கிள் மூன்றாக மடிந்து தூங்கப்போகிற நாய் மாதிரி அவள் காலடியில் சுருண்டது. "பஸ் கண்டக்டர் லக்கேஜ் போடணும்னாரு. இது லக்கேஜ் இல்லண்ணே, என் கைப்பைன்னேன்," என்றாள். இந்தத் தடவை பின்னால் பெரிய பல்சக்கரம் மாற்றியிருக்கிறாளாம், கொல்லிமலை ஏறினாளாம், நடுவில் ஒரு தடவைகூட இறங்கவில்லையாம். சவரிமுத்து கேட்டுக்கொண்டிருந்தார், கேட்கிற மாதிரி தலையாட்டினார், அவள் பேசும்போது இரண்டு தரம் தன் பக்கம் பார்த்தது போலிருந்தது, தன்னையா, சுவரில் நிற்கிற வண்டியையா, கைப்பிடியையா. பார்க்கட்டும் என்று ஒரு மனசு எழுந்தது, பார்க்கக் கூடாது என்று இன்னொரு மனசு அதன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தது. ஆரோக்கியசாமி ஞாபகம் வந்தார். தென் ஜில்லா முழுக்க ரயில் ஓட்டியவர், கண் பரிசோதனையில் போய்விட்டது, மெடிக்கலில் ஃபெயில், டிரைவர்கள் வந்து கையெழுத்துப் போடுகிற அறையில் ஒரு மேஜையைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அதுவரைக்கும் அவரிடம் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அன்றிலிருந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள், அண்ணே டீ சாப்ட்டீங்களா, அண்ணே வீட்டுக்குக் கெளம்பலியா. சவரிமுத்துவும் மெதுவாகத்தான் பேசினார். ஒரு ஆளை மேஜை முடக்கவில்லை, அந்தக் குரல்தான் முடக்கியது. தை மாதம் பூம்புகார் சவாரி இருக்கிறது, இந்த முக்கொம்பிலிருந்து காவிரி கடலில் விழுகிற இடம் வரைக்கும், வருஷா வருஷம் அவர்தான் வரிசைக்கு முன்னால் போவார், வழி, வேகம், நிறுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. இந்த வருஷம் உமாபதியிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணியிருந்தார். காரணமும் தயார், முட்டிவலி. முட்டிவலி கௌரவமான வியாதி, யாரும் குரலை மாற்றமாட்டார்கள். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வண்டிக்குப் புதிதாக அடித்த பெயிண்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை, டாக்டர், தையில் நீங்க முன்னாடி போங்க, முடிந்தது.

"சவரி சார், உங்க முறை," என்றாள் சமீமா.

எழுந்தார். டீ கிளாஸை வைத்துவிட்டு வலது கையாலேயே வண்டியைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார், தான் இடப்பக்கமாக நின்றுகொண்டார், மொட்டைக் கைப்பிடியைத் தன் வயிறு மறைக்கும்படி. எஞ்சின் சிவப்பில் நடுவே மஞ்சள் கோடு, நாலு பூச்சு, பூச்சுக்கு நடுவே உப்புத்தாள் தேய்ப்பு, கோடு நேராக வர ஒட்டுத்தாள், எல்லாம் விவரமாகச் சொன்னார், பாஷை தானாக வந்தது, ஜனங்கள் கேட்டார்கள், யாரோ குனிந்து கோட்டை விரலால் தடவினார், பிசிறே இல்ல சார் என்றார். உமாபதி கைதட்டினார். "கலர் சூப்பர் சார். வண்டிய விட கலர் சூப்பர்." எல்லோரும் கைதட்டினார்கள். பாஷ்யம், "கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கு ஓய்," என்றார். உமாபதி ஹெல்மெட்டை எடுத்தார், "அப்ப கெளம்பலாமா? வெயில் ஏறுது." நாற்காலிகள் நகர்ந்தன, ஷூக்கள் தரையில் தேய்ந்தன, ஆளாளுக்கு எழுந்தார்கள். அவ்வளவுதானா. சவரிமுத்து நின்றார். அவர் விரும்பியது இதுதானே, யாரும் பார்க்காமல் போக வேண்டும், போகிறார்கள், பார்க்கவில்லை, வண்டி வண்டி என்று உயிரை விடுகிற ஒரு டஜன் பேர், ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்தால் கண்டுபிடிக்கிறவர்கள், ஒரு பக்கம் முழுசாக மொட்டையடித்த வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், கலர் சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கலர். பெயிண்ட் யார் வேண்டுமானாலும் அடிப்பான். அந்தப் பித்தளைத் துண்டு, மூன்றாவது துண்டு, அது இப்படியே பெயிண்டுக்குப் பின்னால் கிடந்து சாக வேண்டியதா. வந்தது பயமாக இருக்கும் என்று பார்த்தார், பயமில்லை, கோபம், சுத்தமான, பழைய, எஞ்சின் கோபம்.

"உக்காருங்க டாக்டர்," என்றார். சத்தமாகவே சொன்னார். "யாரும் கெளம்ப வேணாம். இன்னும் நான் சொல்லவேயில்ல." உட்கார்ந்தார்கள். அவர் வண்டிக்கு வலப்பக்கமாக வந்து நின்றார். "பிரேக்கப் பாருங்க." பார்த்தார்கள். உமாபதியின் புருவம் ஏறியது, "என்ன சார், லெஃப்ட்ல லிவரே காணோம், கியரும் இல்ல, எல்லாம் ஒரே பக்கமா போட்டிருக்கீங்க? ஏன்?" அந்த ஏன். சவரிமுத்து முதுகுப் பையிலிருந்து இடது கையை எடுத்தார். விரல்களில் வாழைப்பழம் ஒட்டியிருந்தது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க, அது காலை வெளிச்சத்தில் தன் ஜெபமாலையை நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தது. "இதுக்காக," என்றார். "நடுக்குவாதம். இந்தக் கை இனி பிரேக் பிடிக்காது. அதனால பிரேக்க இதுகிட்டேருந்து பிடுங்கிட்டேன்." முதலில் பேசியவர் பாஷ்யம். "எத்தனை நாளாடா?" என்றார், ஓய் போய் டா வந்திருந்தது. "ஆறேழு மாசம்." "கையை முதுகுல வெச்சுண்டு பெரிய மிலிட்டரிக்காரனாட்டம் நிக்கறியேன்னு கேலி பண்ணிண்டிருந்தேனே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" பாஷ்யத்தின் கண் கலங்கியது, அதை மறைக்க அவர் தன் டைனமோவைப் போய்ப் பார்த்தார். உமாபதி எழுந்து பக்கத்தில் வந்தார், தோளில் கை வைத்தார், "சார், உக்காருங்களேன், மருந்தெல்லாம் ஒழுங்கா," அதுதான், அந்தக் குரல், அவருக்குத் தெரிந்த குரல், ஆரோக்கியசாமியின் மேஜைக்கு முன்னால் எல்லோரும் பேசிய குரல். "டாக்டர்," என்றார் சவரிமுத்து, "குரல மாத்தாதீங்க. கொஞ்சம் முன்னாடி கலர் சூப்பர்னீங்களே, அதே குரல்ல பேசுங்க. மருந்து இருக்கு, ஓட்டச் சொல்லியிருக்காங்க. கேக்கறதா இருந்தா வண்டியப் பத்திக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் போலிருந்தது, அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவருக்குத் தான் செய்தது தப்போ என்று பட்டது, முட்டிவலியே போதுமே, அழகான முட்டிவலி. அப்போது சமீமா வண்டியருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒயர்களை விரலால் தொடர்ந்து போய் அந்தப் பித்தளைத் துண்டில் நிறுத்தினாள். "இது நீங்களே செஞ்சதா?" என்றாள். "ஆமா." "ரெண்டையும் ஒரே இழுப்பு இழுத்தா முன் பிரேக் ஜாஸ்தி பிடிக்குமே சார், ஆளத் தூக்கி அடிக்காதா?" ஆகா. இந்தக் கேள்விக்காக அல்லவா இத்தனை நாள். "நல்லாப் பாரும்மா," என்றார், குனிந்தார், "ஓட்டை நடுவுலயா இருக்கு? இல்ல. ஓரமா தள்ளியிருக்கேன். அதனால பின்னுக்கு முதல்ல இழுப்பு போகும், அப்புறம்தான் முன்னுக்கு." "அட," என்றாள் சமீமா, அந்த அட அவருக்குப் பதக்கம் குத்தின மாதிரி இருந்தது. மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள், ஒருவர் லிவரை அமுக்கினார், ஒருவர் பின்சக்கரத்தைத் தூக்கினார், ஏன் இரும்பில் செய்யவில்லை என்றார் ஒருவர், இரும்பு துருப்பிடிக்கும் என்று பாஷ்யமே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் சொன்னார். சவரிமுத்து இரண்டு கையாலும் காட்டிக் காட்டிப் பேசினார், இடது கை ஆடிக்கொண்டே காட்டியது, ஆடுகிற விரல் எதைக் காட்டுகிறது என்று ஒருவரும் குழம்பவில்லை. உமாபதிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "ஓட்டிப் பாக்கலாமா சார்?" என்றார். "தாராளமா." டாக்டர் ஏறி, அணைச் சாலையில் வேகமாகப் போய்த் திரும்பி, வேண்டுமென்றே இன்னும் வேகமாக வந்து, டீக்கடைக்கு முன்னால் லிவரை முழுசாக அமுக்கினார். வண்டி குதிக்கவில்லை, இழுக்கவில்லை, மண்ணில் ஒரு நேர்கோடு போட்டுவிட்டு நின்றது. உமாபதி லிவரை விட்டு இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தார். "நிக்குது," என்றார் கடைசியில். பழைய குரல். "என்னோடத விட நல்லாவே நிக்குது. ஆனா சார், செம கனம்." "தூக்கறதுக்கா சைக்கிள்?" என்றார் சவரிமுத்து. டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவர் சொன்னார், "தையில பூம்புகாருக்கு நான்தான் முன்னாடி. பக்கத்துல ஒருத்தர் வரட்டும், அதுக்கு ஒத்துக்கறேன். யாருன்னு நீங்களே சண்டை போட்டு முடிவு பண்ணிக்குங்க. என்னைக்கு முடியலியோ அன்னைக்கு நானே சொல்வேன். இன்னிக்குச் சொன்னேன்ல, அப்படிச் சொல்வேன்." வீட்டுக்குப் போய் பிலோமினாவிடமும் சொல்ல வேண்டும், அது செபமில்லை என்று. அவள் ஏற்கெனவே தெரிந்துகொண்டுதான் அவருக்கும் சேர்த்துச் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ, அவளிடம் சொல்வதுதான் கஷ்டம், இந்த ஒரு டஜன் பேரிடம் சொன்னதைவிடக் கஷ்டம், ஆனால் சொல்லிவிடலாம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

புறப்பட்டார்கள். கைப்பிடியைப் பிடித்ததும் இடது கை அடங்கியது, நாலு மிதி மிதிப்பதற்குள் அது ஒரு சாதாரணக் கை. மீன் வறுவல் கடைகளில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள், புகை சாலையின் குறுக்கே தாழ்வாகப் படுத்திருந்தது, அதைக் கிழித்துக்கொண்டு போனார், முகத்தில் மரக்கரி வாசனை, மருத மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறித் தோளில் விழுந்தன. பின்னால் அத்தனை செயின்களின் ஓசையும் கேட்டது, கார்பனின் மெல்லிய கிசுகிசுப்பு, மடக்கு சைக்கிளின் சின்னச் சக்கரங்களின் அவசரம், பாஷ்யத்தின் டைனமோ பகலிலும் உறுமிக்கொண்டு வந்தது, அணைக்க மனசில்லை போல. யாரும் முந்தவில்லை. யாரும் பக்கத்தில் வந்து, பார்த்துப் போங்க சார் என்று சொல்லவில்லை. தண்டவாளத்தைத் தாண்டியதும் கரூர் ரோடு தெரிந்தது, லாரிகள், வெயில், இடதுபுறம் திரும்பினால் திருச்சி. முன்னால் போகிறவர்தான் திரும்பப்போகிறோம் என்று பின்னால் வருபவர்களுக்குக் கை காட்ட வேண்டும், இடப்பக்கம் திரும்ப இடது கைதான். கொஞ்ச நாளாகவே அவர் அதைச் செய்வதில்லை, வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார், காற்றில் பாதிப் பேருக்குக் கேட்காது. சவரிமுத்து வலது கையால் பிடியை இறுக்கிக்கொண்டு, இடது கையை எடுத்து, தோள் உயரத்துக்கு நேராக நீட்டினார். பிடிப்பை விட்டதும் அது ஆட ஆரம்பித்தது, நீட்டிய விரல்கள் எல்லாம் ஆடின, லாரிக்காரன் முதல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆடின, அவர் அதை மடக்கவில்லை, முனை வரும்வரை அப்படியே வைத்திருந்தார். திரும்பும்போது ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். உமாபதியின் கை நீண்டிருந்தது, அவருக்குப் பின்னால் சமீமாவின் கை, அதற்கும் பின்னால் வேட்டியைக் காற்றுக்கு விட்டுவிட்டு பாஷ்யத்தின் கை, கடைசி ஆள் வரைக்கும் ஒவ்வொரு கையாக நீண்டுகொண்டே போக, வரிசை முழுவதும் இடப்பக்கம் திரும்பியது.